முன்பின் தெரியாதவர் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் பிறந்து வளர்ந்தவள். பதினேழு ஆண்டுகள் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, திட்ட மேலாளராக இருந்த நிலையில் சென்ற மாதம் விலகிவிட்டேன். திருமணம் ஆகவில்லை. அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் இருக்கிறேன். பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நவம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு நிறையப் படகுகள் கிளம்பும், ஆள் தேடுவார்கள் என்று அறிந்து இணையத்தில் பதிவு செய்தேன். இரண்டு அழைப்புகள் வந்தன. ஒருவர் 62 வயது ஐரோப்பியர், தனியாள், 11 மீட்டர் படகு. "அனுபவம் தேவையில்லை, பணமும் வேண்டாம், நாம் இருவர் மட்டும்தான்" என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டுமாம். இன்னொன்று ஒரு கணவன் மனைவியின் 13 மீட்டர் படகு. அவர்களோடு ஒரு நண்பரும் வருகிறார். இவர்கள் செலவில் பங்கு கேட்கிறார்கள்; என் உடல்நிலை, தூக்கம், கோபம் என்று கேட்டுத் துளைக்கிறார்கள். என்னைத் தட்டிக்கழிக்கத்தான் இத்தனை கேள்வியோ என்று தோன்றுகிறது. நான் பாய்மரப் படகில் ஏறியது கோவாவில் சுற்றுலாவாக ஒரே ஒரு மாலைதான். பேசாமல் பி.எஃப். பணத்தில் ஒரு பழைய படகை வாங்கிவிடலாமா என்றும் யோசனை. நான் சைவம். அம்மா தினமும் அழுகிறார். போகலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில் சொல்பவர், வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து, இப்போது பாய்மரப் படகுகளை உரிமையாளர்களுக்காகக் கடல் கடந்து கொண்டுசேர்ப்பவர்.

அன்புள்ள வாசகிக்கு,

போகலாம். அந்த 62 வயதுக்காரரின் படகில் மட்டும் வேண்டாம். சொந்தப் படகும் இப்போது வேண்டாம்.

வேலையை விட்டது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகப்போவதில்லை. ஆனால் அலுவலகப் பழக்கம் ஒன்றைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு தேதியை ஒப்புக்கொண்டுவிட்டால் தலைகீழாக நின்றாவது முடித்துவிடுவது என்ற பழக்கம்தான் அது. நண்பர்கள் விருந்து வைத்து வழியனுப்பியாயிற்று, விமானத்துக்குச் செலவழித்தாயிற்று, இனி எந்த முகத்தோடு திரும்புவது என்ற கூச்சத்தில், படகைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தாலும் ஏறிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பணம், விசா, டிக்கெட், கைவசம் உள்ள நாட்கள் எல்லாவற்றையும் ஒன்றை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்: கேனரி தீவுகளில் படகுகள் கிளம்பும் ஊரான லாஸ் பால்மாஸின் படகுத்துறையில் நின்றுகொண்டு, "மன்னிக்கவும், நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க உங்களால் முடிய வேண்டும். நான் கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் அந்த "நாம் இருவர் மட்டும்" கணக்கைப் பார்ப்போம். லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். 11 மீட்டர் படகு நல்ல காற்றில் ஒரு நாளைக்கு 120 முதல் 140 கடல் மைல் ஓடும். மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏமாற்றினால் இன்னும் சில நாட்கள் கூடும். இரவில் எங்கும் நிறுத்த முடியாது, நங்கூரம் எட்டாத ஆழம். எனவே இருபத்துநான்கு மணி நேரமும் யாராவது ஒருவர் மேலே விழித்திருக்க வேண்டும். நான்கு பேர் இருந்தால் மூன்று மணி நேரம் காவல், ஒன்பது மணி நேரம் ஓய்வு என்று முறை வைக்கலாம். இருவர் என்றால் மூன்று மணி நேரம் நீங்கள், மூன்று மணி நேரம் அவர். நாளில் பாதி நேரம் அந்தப் படகு உங்கள் கையில் மட்டும் இருக்கும். கோவாவில் ஒரு மாலை படகேறியவரிடம் அதை ஒப்படைத்துவிட்டுத் தூங்குவேன் என்கிற கேப்டன் பொறுப்பில்லாதவர். தூங்கவே மாட்டேன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்கிறவர் ஐந்தாம் நாள் நின்றபடியே உறங்கிவிடுவார். வேறு நோக்கமும் இருக்கலாம். அதை உங்கள் வயதில் உள்ளவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இரவு இரண்டு மணிக்கு நீங்கள் கடலில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?" பின்காற்றில் ஓடும்போது முன்பாயை ஒரு நீண்ட கம்பால் ஒரு பக்கமும், பெரிய பாயை மறுபக்கமும் விரித்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் படகைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பை விடுவிக்க வேண்டும், முன்பாயைச் சுருட்ட வேண்டும், எஞ்சினைப் போடும் முன் ஏதாவது கயிறு தண்ணீரில் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கினால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் படகு நிமிடத்துக்கு 150 மீட்டர் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மீட்டர் அலையில் மனிதத் தலை, பட்டப்பகலிலேயே, மிதக்கும் தேங்காய் மட்டை அளவுக்குத்தான் தெரியும். நல்ல கேப்டன் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். கிளம்பும் முன்பே பயிற்சி செய்து பார்த்துவிடுவோம் என்பார். உங்கள் நண்பர் சிரித்து மழுப்புவார் என்பது என் ஊகம்.

இருவர் மட்டும் உலகையே சுற்றி வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தார்கள். கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே அதே படகில் பெருங்கடல் கடந்து பழகியவர்கள் அவர்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவரும் முழுக் கேப்டன். உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், தைரியம் வரும். உங்களுக்கு நீங்களே உதாரணமாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கணவன் மனைவியை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். கேட்டுத் துளைக்கிறார்கள் என்றால் உங்களைச் சேர்த்துக்கொள்வது பற்றி மெய்யாகவே யோசிக்கிறார்கள் என்று பொருள். மருந்து ஏதும் தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா, இரவில் எழுப்பினால் எரிந்து விழுவீர்களா, புகைப்பீர்களா, முன்பு யாரோடாவது அறையைப் பகிர்ந்திருக்கிறீர்களா என்பதெல்லாம் நான் ஆள் எடுக்கும்போது கேட்கிற கேள்விகள்தான். பதினேழு ஆண்டுகளில் எத்தனை பேரை நேர்முகத் தேர்வு செய்திருப்பீர்கள்; எதுவுமே கேட்காமல் வேலை கொடுக்கிற நிறுவனத்தைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

பதிலுக்கு நீங்களும் துளையுங்கள். உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது? அதற்கான சான்றிதழில் தேதி இருக்கும், பார்த்துவிடுங்கள். செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் சைகை அனுப்பும் கருவி இந்தப் படகின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா, அல்லது பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கிறதா? எனக்கென்று தனி லைஃப் ஜாக்கெட்டும், படகோடு என்னைப் பிணைக்கும் பட்டையும் உண்டா? ஓடும் படகில் மது உண்டா? சென்ற ஆண்டு உங்களோடு வந்தவர்களில் ஒரு பெண்ணோடு நான் பேசலாமா? கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பேசச் சொல்லி எண் கொடுத்தார்கள் என்றால் கட்டாயம் பேசுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

செலவில் பங்கு கேட்பது முறையானதுதான். சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றை வகுத்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் நாளொன்றுக்கு இவ்வளவு என்று பெரிய தொகை கேட்டால் அது வணிகம். அப்படியானால் வணிக உரிமமும், பயணிகளுக்கான காப்பீடும் காட்டச் சொல்லுங்கள்.

எப்போது போவது? அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று நிலைகொள்வதும் ஏறக்குறைய அப்போதுதான். அதனால்தான் நவம்பர் பின்பாதியில் அத்தனை படகுகளும் லாஸ் பால்மாஸில் கூடுகின்றன. 1986 முதல் நடக்கும் ஏ.ஆர்.சி. என்ற கூட்டுப் பயணத்தில் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் அங்கிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும். அது போன பிறகும் டிசம்பரிலும் ஜனவரியிலும் தனித்தனியாகப் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஒரு படகை விட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். மாதக் கடைசிக்குள் உறுதி கேட்கிறவரிடமும் இதைச் சொல்லலாம்.

அக்டோபர் நடுவிலேயே போய் இறங்கிவிடுங்கள். ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் அமைப்பின் ஐந்து நாள் தொடக்கப் பயிற்சியைக் கேனரி தீவுகளிலேயே தருகிறார்கள். படகிலேயே தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு முன் சென்னை போய்ச் சிறு பாய்மரப் படகில் சில வார இறுதிகள் நனைந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் பயிற்சி அளிக்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தால் அறிகிற பழக்கம் சின்னப் படகில்தான் வரும். பெரிய படகில் கருவி காட்டிவிடும், கன்னம் மரத்துப்போகும்.

பிறகு அந்தத் தம்பதியோடு பக்கத்துத் தீவான டெனெரீஃப் வரை ஒருமுறை போய் வாருங்கள். அறுபது கடல் மைலுக்குள்தான். அந்தத் தீவுகளுக்கு நடுவே மலைகள் காற்றை நெருக்குவதால், சில நிமிடங்களில் வேகம் இருமடங்காகும் இடங்கள் உண்டு. படகு சாய்கிறபோது, பாயைச் சுருக்கச் சொல்கிற கேப்டனின் குரலைக் கவனியுங்கள். மனைவியிடம் எப்படிப் பேசுகிறார், அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். துறையில் கட்டியிருக்கும்போது எல்லோருமே நல்லவர்கள். அந்த ஒரு காற்றில் கத்துகிறவர் 2,700 மைலுக்கும் கத்துவார்.

இனி உள்ளே இருக்கும் வாழ்க்கை. முதல் மூன்று நாட்கள் குமட்டல் எடுக்கும். அனேகமாக எல்லோருக்கும் எடுக்கும், என்னையும் சேர்த்து. சின்னாரிசின் போன்ற மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, தரையில் இருக்கும்போதே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். அதை நடுக்கடலில் இரவுக் காவலின்போது தெரிந்துகொள்ளக் கூடாது. நான்காம் நாள் பசி எடுக்கும்.

அந்தப் பசிக்கு நீங்கள் கொண்டுபோகக்கூடிய பெரிய உதவி, பிரஷர் குக்கரில் சமைக்கும் பழக்கம். கடலோடிகளுக்குக் குக்கர் மேல் தனிக் காதல் உண்டு: மூடி பூட்டிக்கொள்வதால் படகு எவ்வளவு ஆடினாலும் கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். அரிசி, பருப்பு, சீரகம், பெருங்காயம் எடுத்துப் போங்கள். பருப்பு சாதம் வைக்கத் தெரிந்த ஒரு ஆள் இரண்டாம் வாரத்தில் படகின் செல்லப்பிள்ளை. அடுப்பு ஊசலாடும்படி மாட்டப்பட்டிருப்பதால் பாத்திரம் நேராக நிற்கும், ஆனால் நீங்கள் நேராக நிற்க மாட்டீர்கள். ஆகவே கொதிநீர் ஊற்றும்போது காலை முழுதும் மூடும் கனமான மழைப் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் அரைக்கால் சட்டையோடு சமைத்துத் தொடையைப் பொசுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. மருத்துவமனை இரண்டு வாரத் தொலைவில் இருக்கும். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுபோகாதீர்கள், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். சாமான்களைத் துறையிலேயே பிரித்து வெறுமனே உள்ளே கொடுப்பதுதான் முறை. கேனரி தீவுகளில் வாழை அதிகம் என்பதால் ஒரு முழுத் தாரை வாங்கிப் படகின் பின்புறம் தொங்கவிடுவார்கள். அத்தனை பழமும் ஒரே நாளில் பழுத்துத் தொலைக்கும். அன்றிலிருந்து மூன்று நாள் எல்லோரும் வாழைப்பழம்தான். காலையில் மேல்தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும், கேப்டன் வறுத்துச் சாப்பிடுவார். சைவம் என்பதை இப்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். போனபின் சொன்னால் சாமான் பட்டியலே மாறும்.

உங்களுக்கு அதிகம் கடினமாக இருக்கப்போவது இரவுக் காவல்தான் என்று நினைக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அடிவானத்தில் தெரிகிற சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் உங்கள் மேல் வந்து நிற்க முடியும். மேலே வரும்போதே பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும், கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும். பின்னால் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு ஒரு கரும்பட்டை எழுந்தால் அது மழைமேகம்; காற்று அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அப்போது கேப்டனை எழுப்புங்கள். பெரிய பதவியில் இருப்பவரைத் தூக்கத்தில் தொந்தரவு செய்யலாமா, நாமே சமாளித்துவிடலாமே என்று உங்கள் அலுவலக புத்தி சொல்லும். எழுப்பலாமா என்ற எண்ணம் வந்தாலே எழுப்பிவிட வேண்டும் என்பது எல்லாப் படகிலும் விதி. காரணமில்லாமல் எழுப்பியதற்காக எந்த நல்ல கேப்டனும் திட்டியதில்லை.

சொந்தப் படகு விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். படகின் விலையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது இந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு. பழைய படகு என்றால் அது கனவுதான், நிஜத்தில் கூடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பழையவை என்றால் மாற்றாமல் பல நிறுவனங்கள் காப்பீடு தர மாட்டா. எந்தச் சத்தம் சாதாரணம், எந்தச் சத்தம் ஆபத்து என்று தெரியாத நிலையில் பி.எஃப். பணத்தை அதில் போடாதீர்கள். ஒரு பெருங்கடலைக் கடந்துவிட்டு வாருங்கள், அப்புறமும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

விசாவில் கவனம் தேவை. கேனரி தீவுகள் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், வருகின்றன. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், கரீபியனிலிருந்து ஐரோப்பா வழியாகத் திரும்பும்போது உதவும். அமெரிக்கா வழியாக வருவதானால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். படகில் கிளம்பும் முன் துறைமுகக் காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, நீங்கள் வெளியேறுவதைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். விமான நிலையம் போலத் தானாக நடக்காது, இல்லாவிட்டால் நீங்கள் ஐரோப்பாவிலேயே இருப்பதாகக் கணக்கில் இருக்கும். கரீபியன் தீவான மார்டினிக் பிரான்சின் பகுதிதான், ஆனால் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1853 முதல் நம் மக்களைப் பாய்மரக் கப்பலில் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. இன்று போய்ப் பார்க்க நமக்குத் தனி விசா. படகு எந்தத் தீவில் முதலில் கரை சேரும் என்று கேட்டு, அந்த நாட்டு விதியைத் தூதரகத்தில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கரை சேர்ந்தபின் படகின் ஆள் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்க வேண்டுமானால் அங்கிருந்து வெளியேறும் விமான டிக்கெட்டைக் குடிவரவு அதிகாரி கேட்பார். அது இல்லாவிட்டால் உங்களைத் திருப்பி அனுப்பும் செலவு கேப்டன் தலையில் விழும். ஆகவே நல்ல கேப்டன் டிக்கெட்டைப் பற்றி உங்களிடம் முன்கூட்டியே கேட்பார், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், விலை கூடினாலும். இரண்டு வாரம் விடுதியில் தங்கவும், கேனரியிலிருந்து நேரே வீடு திரும்பவும் போதுமான பணம் தனியாக ஒரு கணக்கில் இருக்கட்டும், படகுக்காக அதில் கை வைக்காதீர்கள். துறைமுக வேலைக்காகத் தவிர பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் கரையிலிருந்து எத்தனை மைல் வரை செல்லுபடியாகும் என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம்; மடித்துத் திணிக்கக்கூடிய துணிப்பைதான் படகில் இடம்பிடிக்கும்.

அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சமாதானப்படுத்தும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தத் தம்பதியோடு வீடியோவில் பேசும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், மொழி புரியாவிட்டாலும் முகம் பார்ப்பார். படகின் இருப்பிடத்தைக் காட்டும் இணையப் பக்கத்தைத் தம்பியின் போனில் திறந்து கொடுங்கள். அந்தப் புள்ளி சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, நகராமல் நிற்கும், கருவி அனுப்பாததால் அப்படி, அதற்காகப் பயப்பட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். படகின் பெயர், அதன் ஒன்பது இலக்க ரேடியோ அடையாள எண், உடன் வருபவர்களின் பெயர்கள், கேப்டனின் கரைத் தொடர்பாளர் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தம்பியிடம் கொடுங்கள். சேரும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். பதினெட்டு நாளும் ஆகலாம், இருபத்தைந்து நாளும் ஆகலாம், இருபத்தைந்து தாண்டினால் தம்பி அந்தக் கரைத் தொடர்பாளரைக் கூப்பிடுவான் என்று சொல்லுங்கள்.